மூச்சு பட்டால் கிழியும்

ஜூன் 9, திங்கள்

இந்த அறையில் எல்லோரும் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் முதலில் கவனித்தது அதைத்தான். இந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் என்னிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதே சுவரைப் பார்த்துத்தான். பக்கத்து அறையில் மிஷின் ஓட்டுகிற அண்ணன் வாசலில் நின்று கூரையைப் பார்த்து "வா, வா" என்றார். மதியம் வரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்னைப் பிடிக்கவில்லையா? இல்லை, இவர்களும் என்னைப் போலத்தானா? ஓர் அறை முழுக்கக் கூச்சக்காரர்களா?

இரண்டும் இல்லை. மேசைமேல் ஃபாயில் என்று மிக மெல்லிய தகடுகள் இருக்கின்றன, அவற்றின்மேல் மூச்சு படக்கூடாது. பட்டால் கிழியும். அவ்வளவுதான்.

காரணம் தெரிந்த பிறகும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் முகத்தைப் பார்த்துப் பேசாததற்குத் திட்டு வாங்கினேன். இங்கே பார்த்துப் பேசினால்தான் திட்டு.

வேலை: கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது. மாமா இந்த ஆய்வுக்கூடத்தின் வேனை ஓட்டுகிறார். அவர் சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்களாம். அப்புறம் அவர்கள் இஷ்டம்.

ஜூன் 11, புதன்

கழுவினேன். துடைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல நாள்.

ஜூன் 17, செவ்வாய்

மிஷின் அண்ணனுக்கு இங்கே 'மைக் செட்' என்று பெயர். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த கட்டடத்தில் கேட்கும். அதனால் ஃபாயில் அறைக்குள் அவரை விடுவதில்லை, வாசலோடு சரி. மேடத்துக்குப் 'பூனை'. நடந்தால் காலடியே கேட்காது. வேகமாக நடந்தால் காற்று கிளம்பும் என்று மெதுவாக நடந்து நடந்து அப்படியே பழகிவிட்டதாம். இன்று எனக்கும் பெயர் வைத்தாயிற்று.

"வாயே திறக்க மாட்டேங்குது. சுண்டெலி!" என்றார் மைக் செட் அண்ணன். "பூனை ரூம்ல சுண்டெலி. விளங்கின மாதிரிதான்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். சிரிப்பும் காற்றுதானே.

இங்கே என்ன செய்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதும் மைக் செட் அண்ணன்தான். "ஒருத்தன் பந்து எறியறான்னு வெச்சுக்கோ. எதிர்ல எதாவது இருந்தாத்தானே போய்ப் படும்? அந்த எதிர்ல இருக்கறதுக்குப் பேர்தான் டார்கெட். தங்கம், செம்புன்னா தகடா அடிச்சு மாட்டிடலாம். கேஸை எப்படி மாட்டுவ? ஆணி அடிச்சா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அதுக்குத்தான் என் மிஷின். கேஸை உள்ள விட்டு, மின்சாரத்தால வேகம் ஏத்தி, கார்பன் ஃபாயிலுக்குள்ள கொண்டுபோய்ப் புதைச்சுடும். பன்னுக்குள்ள திராட்சை மாதிரி. ஆனா பன்னு ரொம்ப மெல்லிசா இருக்கணும். இல்லன்னா பந்து திராட்சைய விட்டுட்டு பன்னையே அடிச்சிட்டு இருக்கும்."

வீட்டில் வந்து தங்கையிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீ காத்தைப் பேப்பர்ல பொட்டலம் கட்றவ" என்றாள். அம்மா பக்கத்து வீட்டில் ஏற்கெனவே 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி முடித்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று மேடம் சுவரைப் பார்த்து, "நீயும் ஒண்ணு மிதக்க விட்டுப் பாரேன்" என்றார். என்னிடம்தான் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

கண்ணாடித் துண்டில் சோப்பைப் பூசி, பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, அதன்மேல் கார்பனை ஆவியாகப் படிய வைப்பார்கள். பார்த்தால் கண்ணாடிமேல் லேசாக ஒரு நிழல் விழுந்த மாதிரி இருக்கும். அதைச் சாய்வாகத் தண்ணீரில் இறக்க வேண்டும். சோப்பு கரைய, நிழல் மட்டும் தனியே பிரிந்து, ஆறின பாலின் ஆடைபோலத் தண்ணீர்மேல் நகர்ந்து வரும். கண்ணாடி கீழே போகும், நிழல் மேலே தங்கும். பிறகு அதன் அடியில் நகத்தளவு துளை போட்ட ஒரு சின்ன உலோக ஃப்ரேமைக் கொண்டுபோய் ஏந்தி எடுக்க வேண்டும். எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டும் கிழிந்தன. எப்போது கிழிந்தது என்றே தெரியவில்லை, பார்த்தால் துளைக்குள் ஒன்றும் இல்லை. மூன்றாவது நின்றது. காய்ந்ததும் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியதுபோல் ஆகிவிட்டது. சாய்த்துப் பார்த்தால் ஜன்னல் தெரிகிறது, ஜன்னல் கம்பிகள்கூட நேராக.

"உனக்குக் கை நிக்குதும்மா" என்றார் மேடம். இந்த முறை மறந்துபோய் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

பேருந்தில் வரும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஜூலை 2, புதன்

தீசிஸ் அக்கா வந்தார். டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறார், அதனால் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பஞ்சில் பொதிந்து, கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடிக் குமிழைக் கொண்டுவந்திருந்தார். அதைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"உள்ள என்ன தெரியுது?" என்று என்னைக் கேட்டார்.

ஒன்றும் தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

"அதேதான். கிரிப்டான். கேஸ்தான். அதுலயும் பிரிச்சு எடுத்த ஒரே வகை. கொஞ்சூண்டுதான் இருக்கு. தீந்துபோச்சுன்னா இன்னொண்ணு யாரும் தரமாட்டாங்க. மூணு வருஷமா எழுதறேன், முன்னாடி இருக்கு, பின்னாடி இருக்கு, நடுவுல ஒரு அத்தியாயம் மட்டும் இல்ல. அது இந்தக் குமிழுக்குள்ளதான் இருக்கு."

அக்கா நிறையப் பேசுகிறார். பயந்தால் இன்னும் அதிகமாகப் பேசுகிறார். எனக்கு நேர் எதிர். ஆனால் பயம் ஒரே பயம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அவருக்கு மூன்று டார்கெட் வேண்டும். இதுவரை இங்கே செய்த எதையும்விட மெல்லியது. சாயங்காலம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "லேபுக்கே தலைமையா இருக்கற பெரியவர்கிட்ட உனக்காகக் கேட்டேன். இவ்வளவு மெல்லிசா நம்மளாலயே பண்ண முடியும்னா இந்த ரூமுக்கு நிரந்தரமா ஒரு ஆள் போடலாம்ங்கறார். முடியலன்னா எல்லாத்தையும் வெளியிலயே வாங்கிக்கலாம், ரூமுக்கு ஆள் எதுக்குன்னு கேக்கறார்."

ஆக, அந்தக் குமிழுக்குள் என்னையும் போட்டு அடைத்திருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

குமிழைத் தொடும் முன்பு சாதாரணக் கிரிப்டானில் ஒரு சோதனை. நான்கு ஃபாயில்களும் நான் எடுத்தவை. மேடம் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். மிஷினுக்குள் மாட்டி, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, பீமை, அதாவது வேகம் ஏற்றிய கேஸை, திறந்துவிட்டார்கள்.

மைக் செட் அண்ணன் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கி வரப் போன மாமா திரும்புவதற்குள், "ஒண்ணு போச்சு!" என்று சத்தம். மதியத்துக்குள் நான்கும் போயின. சத்தமே இல்லாமல், ஒவ்வொன்றாக.

ஜூலை 9, புதன்

மறுபடியும் நான்கு. நேற்றைவிட நன்றாக எடுத்தேன். நிஜமாகவே நன்றாக. மறுபடியும் நான்கும் போயின. நேற்றைவிடச் சீக்கிரம்.

குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். என்ன பண்ணேன் நான்? எதை விட்டேன்? கண்ணாடி மாதிரித்தானே இருந்தது!

வீட்டுக்கு வந்தால் அத்தை உட்கார்ந்திருக்கிறார். அப்பாவின் அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். "என்னடி, காத்துக் கடை எப்படிப் போகுது?" என்றார். நான் சிரித்துவைத்தேன். "மூணு மாசம் முடிஞ்சதும் நேரா என் கடைக்கு வந்துடு. உனக்கு ஏத்த வேலை. வாயே திறக்க வேணாம். மிஷினே உனக்கும் சேத்துப் பேசிக்கும்." அம்மா, "அதான் நானும் நினைக்கறேன் அண்ணி" என்றாள்.

அத்தை நல்லவர். கடையும் நல்ல கடை. அதுதான் கஷ்டம், வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. எனக்கு அந்த அறைதான் வேண்டும். அதை எப்படிச் சொல்வது?

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மூன்று ஃபாயில் எடுத்தேன். நாலாவது காயும்போதே கிழிந்துவிட்டது. "ஓர் இடம் காலியா விடாதீங்க, பீம் பின்பக்கம் போய் அடிக்கும். எதையாவது மாட்டுங்க" என்று மைக் செட் அண்ணன் வாசலிலிருந்து கத்தினார். போன வாரம் தீசிஸ் அக்கா ஆசைக்கு ஒன்று மிதக்கவிட்டு எடுத்திருந்தார். தூங்கி எழுந்த படுக்கை விரிப்பு மாதிரி ஒரே சுருக்கம். தூக்கிப்போட மனசில்லாமல் ஓரமாக வைத்திருந்தோம். அதை மாட்டினோம்.

"பாவம், என் குழந்தையும் ஸ்கூலுக்குப் போகட்டும்" என்றார் அக்கா.

என்னுடைய மூன்றும் மதியத்துக்குள் போயின. நான் ஜன்னல் பக்கம் போகவே இல்லை, கண்ணாடித் துண்டு கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மைக் செட் அண்ணன் வந்தார். வந்தவர் பேசவில்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. கையால் வா என்று கூப்பிட்டார்.

அக்காவின் ஃபாயில் அப்படியே இருந்தது. அது மட்டுமில்லை, சுருக்கம் எதையும் காணோம். தேய்த்து மடித்ததுபோல் தட்டையாகிவிட்டிருந்தது.

"ஏய்! என் குழந்தை பாஸாயிடுச்சு!" என்று அக்கா குதித்தார். மேடம் அவர் தோளைப் பிடித்து அழுத்தி நிறுத்தினார். காற்று.

ஜூலை 15, செவ்வாய்

மேடம் காலையிலேயே பலகையில் படம் போட்டு வைத்திருந்தார். அடி வாங்க வாங்கக் கார்பன் சுருங்குமாம். தளர்வாக இருந்தால் சுருங்கிச் சுருங்கிச் சரியாகிவிடும். முதலிலேயே இழுத்துக் கட்டியிருந்தால்?

"சுருங்க இடமே இல்ல. கிழியறதைத் தவிர வேற வழி இல்ல" என்றார் மேடம். "நான் இத்தனை நாள் கேஸ் புதைச்சதெல்லாம் இதைவிடக் கனமான ஃபாயில்லதான். இது எனக்கும் தோணல. உன் தப்பு இல்லம்மா."

அப்படியானால் நான் நன்றாகச் செய்யச் செய்யத்தான் கெட்டுப்போயிருக்கிறது. இதில் கோபப்பட ஆள் யாரும் இல்லை. இருந்தும் கோபம் வருகிறது. கண்ணாடி மாதிரி எடுக்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு பாடுபட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

வேண்டுமென்றே கோணலாகச் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று யார் நினைத்தது? கை தானாகவே நேராகப் போகிறது. நடுங்க வைத்துப் பார்த்தேன், கிழிந்தது. ஃப்ரேமைச் சாய்த்து எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மடிந்தது, மறு பக்கம் கண்ணாடி.

அக்காவையே மறுபடி எடுக்கச் சொன்னோம். நன்றாக எடுத்துவிட்டார்! "ஐயோ, இப்பப் பாத்துக் கை நின்னு தொலைக்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "அன்னைக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

தங்கையிடம் சொன்னால், "கெட்டதா செய்யறதுக்கு என்கிட்ட டியூஷன் வா. என் கணக்கு நோட்டைப் பாத்திருக்கியா?" என்கிறாள்.

குமிழ் அலமாரியில் இருக்கிறது. டார்கெட்மேல் பந்து எறிகிற பெரிய மிஷினில் அக்காவுக்கு ஒதுக்கிய நாட்கள் அடுத்த மாதத் தொடக்கத்தில் வருகின்றன. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தானாம். சாப்பிடும்போது அக்கா மீதி நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

காலையிலிருந்து ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியாக ஒன்றை மிதக்கவிட்டேன். ஃப்ரேமைக் கீழே கொண்டுபோய்விட்டேன். அது கண்ணாடி மாதிரி நிற்கப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அலுத்துப்போய்ப் பெருமூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் எங்கே விட்டேன் என்று உறைத்தது.

மூச்சு தண்ணீர்மேல் போனது. ஃபாயில் கிழியவில்லை. அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு மெல்ல ஒதுங்கி, பாவாடைக் கொசுவம் மாதிரிச் சின்னச் சின்ன மடிப்பாக, ஒரே சீராக ஒடுங்கியது. நினைக்க நேரமில்லை. ஃப்ரேமை மேலே எடுத்துவிட்டேன்.

காய்ந்த பிறகும் தளர்வு அப்படியே இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அக்காவின் குழந்தையைவிட அழகான சுருக்கம்.

சரி, மறுபடி வருமா? இன்னொன்று மிதக்கவிட்டு, இந்த முறை வேண்டுமென்றே, தூரத்திலிருந்து, தண்ணீரோடு ஒட்டினாற்போல் ஊதினேன். வந்தது. இன்னொன்று. கிழிந்தது. பக்கத்தில் ஊதிவிட்டேன். இன்னொன்று. வந்தது.

இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயம். சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஊதினியா?" என்றார் மேடம். "இந்த ரூம்லயா?"

"ஆமா மேடம்."

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க, ஊது பாக்கலாம்."

ஜூலை 24, வியாழன்

சோதனை. நான்கும் ஊதி எடுத்தவை. சாயங்காலம் நான்கும் இருந்தன. மைக் செட் அண்ணன், "சுண்டெலி ஊதினா பூகம்பம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன பெருமை என்று அவருக்கே தெரியாது, அதனால் இரண்டு மடங்கு.

ஜூலை 29, செவ்வாய்

குமிழ் நாள். குழாய்க்குள் வைத்தே அதன் கழுத்தை உடைத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். உடைந்த சத்தம் கேட்கவில்லை, ஆனால் அக்காவின் விரல் இறுகியதில் தெரிந்தது.

இனி மூடி வைக்க முடியாது. போனால் போனதுதான்.

பீம் மெல்லத்தான் ஓடும். அவசரப்பட்டால் ஃபாயிலில் கொப்புளம் கிளம்பிவிடும். மைக் செட் அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. மாமா சாப்பாடு வாங்கி வந்து அவர் கையில் திணித்தார்.

ஜூலை 30, புதன்

இன்று முழுக்க ஓடியது. நான்கு ஃபாயில் மாட்டியிருந்தோம், அதில் ஒன்று மதியம் போய்விட்டது. "ஒண்ணு போச்சு" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். அவரால் மெதுவாகச் சொல்ல முடியும் என்று எல்லோருக்கும் இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் வாயு தீர்ந்தது. மூன்று ஃபாயில் நின்றன. மூன்றும் தட்டையாக, பளபளவென்று. அக்காவுக்கு வேண்டியது மூன்றுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். தங்கைக்கும் ஒன்று வாங்கினேன். உருகுவதற்குள் வீடு போக ஓடினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஓடினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா என்னைப் பெரிய மிஷின் அறைக்குக் கூட்டிப் போனார். திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. ஓர் இடத்தைத் தொட்டு, "இந்தச் சின்ன மேடு தெரியுதா? இதுதான் என் அத்தியாயம்" என்றார். சின்ன மேடுதான். எறும்புப் புற்று மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தோம், அது கொஞ்சம் உயர்ந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பெரியவர் சரி என்றுவிட்டார். அறைக்கு ஓர் ஆள். ஆனால் அந்த ஆள் யார் என்று மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்களாம். அது முறையாம். புதன்கிழமை.

"என்ன கேப்பாங்க மேடம்?"

"படிப்பு, வீடு, வேலை. சாதாரணமாத்தான் கேப்பாங்க."

படிப்பை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். என்ன சொல்வேன்? எழுந்து நின்றால் எனக்குப் பதில் வராது, தெரிந்த பதிலும் வராது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் போகவில்லை. மறுநாள் போக வெட்கமாக இருந்தது. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இதற்குப் பெயர் காரணமா? மூன்று பேர் முன்னால் இதைச் சொல்ல முடியுமா?

மைக் செட் அண்ணன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். "ம்! வாம்மா! உக்காரு! உன்னைப் பத்திச் சொல்லு!" என்று அதட்டினார். நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "நான் சும்மாதான் கேட்டேன் சுண்டெலி. அவங்க இவ்வளவு கத்த மாட்டாங்க."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா துணி மடித்துக்கொண்டே, "போக முடியலன்னா விட்டுடு, பரவாயில்ல. அத்தை கடை இருக்கு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"எனக்கு அங்கதான்மா பிடிச்சிருக்கு" என்றேன்.

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்க?"

"அந்த ரூம்ல."

"அப்படி என்னடி இருக்கு அங்க?"

யோசித்துப் பார்த்தேன். சொல்ல வரவில்லை. காட்டினால்தான் தெரியும். அதைச் சொன்னேன். "பாத்தாத்தான்மா தெரியும்."

"அப்போ அவங்களுக்குக் காட்டு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேடத்திடம் கேட்டேன். எனக்கு ஒரு ஃப்ரேம் வேண்டும், ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும். என்னத்துக்கு என்று கேட்காமல் எடுத்துக்கோ என்றார். இருப்பதிலேயே மெல்லியதாக ஒன்றை ஊதி எடுத்தேன். மூடி போட்ட சின்னப் பெட்டியில் வைத்து, அசையாமல் இருக்க ஓரங்களில் பிடிப்பு வைத்தேன். மாமா வேனில் ஏற்றிவிடுகிறேன் என்றார். வேண்டாம், நடந்தே கொண்டுபோகிறேன் என்றேன். வேன் குலுங்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

முதலில் முடிவை எழுதிவிடுகிறேன், தங்கை தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலமே மேடத்திடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் முன் அத்தை கடைக்குப் போய் நானே சொன்னேன். அத்தை வாயில் குண்டூசியோடு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி போ. உன் மேடத்துக்கு ரவிக்கை தைக்கணும்னா மட்டும் என்கிட்ட அனுப்பு" என்றார். கோபம் இல்லை. போகும்போது கன்னத்தைக் கிள்ளினார், வலிக்கிற மாதிரி.

இப்போது அந்த அறை.

நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வழுக்கைத் தலையோடு ஒருவர், அவருக்கு இந்தப் பக்கம் ஓர் அம்மா, அந்தப் பக்கம் பேனாவைத் தட்டிக்கொண்டே ஒருவர். உட்காரச் சொன்னார்கள். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "பத்தாவதோட நின்னுட்டியேம்மா, ஏன்?" என்றார்.

வந்தேவிட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நேராக, முகத்தையே. காது இரண்டும் சூடாகிவிட்டன. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது மேசைமேல் இருந்த தாளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு நேர் மேலே ஃபேன், முழு வேகத்தில்.

"ஃபேனை நிறுத்துங்க சார்" என்றேன்.

அவர் புரியாமல், "என்னம்மா?" என்றார்.

"ஃபேனை நிறுத்தணும். காத்து பட்டா கிழிஞ்சுடும். அந்த ஜன்னலையும் சாத்தணும் சார்."

என் குரல்தான். அறை முழுக்கக் கேட்டது. பேனாக்காரர் தட்டுவதை நிறுத்தினார். அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துபோய் அவரே ஜன்னலைச் சாத்தினார். நடுவில் இருந்தவர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஃபேன் உடனே நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. "இப்போ?" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் சார்" என்றேன். நான்கு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, ஒரு சுற்று, அரைச் சுற்று, நின்றன. மேசைமேல் இருந்த தாள் படிந்தது.

நான் மூடியைத் திறந்தேன்.